உப்புப் படகில் ஓர் இராச்சாப்பாடு

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு ஒரு காலத்தில் படகில்தான் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் ஏறினால், இராச்சாப்பாட்டைப் படகிலேயே முடித்து, அங்கேயே பாய் விரித்துத் தூங்கி, விடிந்ததும் இறங்கிக்கொள்ளலாம். 1934 செப்டம்பரில் பாரதிதாசன், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் முதலிய நண்பர்களோடு இப்படித் தோணியேறிப் போனார். ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அந்தப் பயணத்தில் பிறந்தது. அவர்கள் போன பக்கிங்காம் கால்வாய் மாமல்லபுரத்தோடு நின்றுவிடவில்லை. இன்னும் தெற்கே இறங்கி, மரக்காணம் உப்பளங்களில் போய் முடிகிறது. ஆரோவில்லிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே அரை மணி நேரம் போனால் அந்த முடிவைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் வெள்ளை அம்பாரங்கள், மறுபக்கம் கோரையும் சேறும், நடுவே அசையாத நீர்.

1801-இல் பேசில் கோக்ரேன் என்ற வெள்ளைக்கார வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய சிறு கால்வாய் இதன் முதல் துண்டு. பிறகு வடக்கே பழவேற்காடு, அதைத் தாண்டி ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் என்று நீண்டது. 1876-78 தாதுவருசப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் வெட்டப்பட்டது. கால்வாய்க்கு அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். பட்டினியோடு மண் சுமந்தவர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர், கடலை ஒட்டியே போகும் உப்புநீர்ச் சாலை இது. உப்பும் விறகும் சவுக்குக் கட்டையும் இதன் வழியாகத்தான் சென்னைக்குப் போயின.

இந்தச் சாலைக்கென்று அமைந்த வண்டி, தட்டையான அடியுடைய மரப்படகு. கடலில் போகும் படகுக்கு அலையைக் கிழிக்கக் கூரான அடி வேண்டும். கால்வாயில் அலை கிடையாது, ஆழமும் கிடையாது. ஆகவே படகு அகன்று, நீரின் மேல் பரந்து உட்கார வேண்டும். கணக்குப் போட்டால் இதன் அருமை தெரியும். 12 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள பெட்டிபோன்ற ஒரு படகை எடுத்துக்கொள்வோம். அதை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்தவே ஏறக்குறைய 300 கிலோ பாரம் ஏற்ற வேண்டும். பத்து டன் உப்பை ஏற்றினாலும் முப்பத்து மூன்று சென்டிமீட்டர்தான் கூடுதலாக இறங்கும். இடுப்பளவு நீரில் ஒரு லாரிச் சரக்கு மிதந்து போய்விடும்.

இதற்கு எஞ்சின் இல்லை. கரையில் கயிற்றைத் தோளில் மாட்டி நடப்பவர், படகில் நின்று நீண்ட மூங்கில் கழியை ஊன்றித் தள்ளுபவர், காற்று வாய்த்தால் ஏற்றும் பாய் ஆகிய மூன்றும்தான் அதை ஓட்டின. அவ்வளவு பாரத்தை ஒரு மனிதர் இழுப்பதெப்படி? மெதுவாகப் போவதுதான் சூட்சுமம். நீரின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்; வேகத்தை இரட்டித்தால் தடை நான்கு மடங்காகும். நடை வேகத்தில் அது மிகச் சிறியது. குறுகிய கால்வாயில் இன்னொன்றும் சேர்கிறது. படகு முன்னே போகப் போக, அது ஒதுக்கும் நீர் இரு பக்கமும் உள்ள சின்ன இடைவெளியில் நுழைந்து பின்னால் வர வேண்டும். அவசரப்பட்டால் நீர் வழிவிடாது; அலை எழும்பி மண்கரையை அரிக்கும். மணிக்கு நாலு கிலோமீட்டர் என்பது சோம்பலான வேகம் அல்ல. அந்தக் கால்வாய்க்கு அளந்து வைத்த வேகம் அது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஓர் இரவுக்குச் சரியாக இருக்கிறது.

காற்றுக் கணக்கு எனக்கு இதைவிடப் பிடித்தது. மரக்காணத்தில் உப்பு விளைவது மழை ஓய்ந்த தை, மாசி தொடங்கி ஆவணி வரை; சித்திரை, வைகாசி வெயிலில் உச்சம். அந்தக் கோடை மாதங்களில்தான் இந்தக் கரையில் தெற்கிலிருந்து காற்று வீசும். உப்பு ஏற்றிய படகு போக வேண்டிய திசை வடக்கு. சரக்கு கனக்கும் பருவத்தில் காற்று முதுகுக்குப் பின்னால் நிற்கிறது! பிற்பகலில் கிழக்கிலிருந்து குறுக்காகக் கடற்காற்று அடிக்கும்போது சிக்கல். தட்டை அடிப்படகுக்கு நீரைப் பற்றிக்கொள்ள அடியில் எதுவும் இல்லாததால் மேற்குக் கரைக்கு ஒதுங்கிக்கொண்டே போகும். அப்போது அமரத்தில் சுக்கான் பிடிப்பவருக்கும் அணியத்தில் கழி போடுபவருக்கும் ஓய்வே கிடைக்காது. பொழுது சாய்ந்தபின் அந்தக் காற்று தணியும். வெயிலும் இறங்கிவிடும். கயிறு இழுப்பவருக்கு இரவு நடைதான் தோது.

பயணிகளின் சாப்பாடும் அதனால்தான் படகில் வந்து சேர்ந்தது. அலையில்லாத நீரில், அகன்ற அடியுள்ள படகு அதிகம் சாயாது. பெட்டியில் மண் பரப்பி அதன்மேல் அடுப்பு வைத்தால் பலகைக்குச் சூடு ஏறாது. சட்டியிலிருக்கும் குழம்பும் தளும்பாது. கடலோடிகளுக்குக் கிடைக்காத வசதி இது. விறகுக்கும் உப்புக்கும் பஞ்சமில்லை, அவை இரண்டுமே படகுச் சரக்கு. குடிநீரை மட்டும் பானையில் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் சுற்றிலும் இருப்பதெல்லாம் உவர்நீர். அந்த உவர்நீரில் மடவையும் இறாலும் நண்டும் உண்டு. கரையில் வலை வீசுபவரிடம் வாங்கிய இறாலை மஞ்சளும் மிளகாயும் போட்டுப் பிரட்ட ஒரு சட்டி போதும். அடுப்பு மூட்ட விரும்பாதவர்களுக்குக் கட்டுச்சோறு. புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் சேர்ந்து சோற்றைக் கெடாமல் காக்கும். கோடை இரவிலும் புளிச்சோறு தாங்கும்.

மரக்காணத்துக் கரையின் விருந்து இதற்கும் மிகப் பழையது. சங்க நூலான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது அறிஞர்கள் பலரின் முடிவு. ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனை நாடிப் போகும் பாணனுக்கு அங்கே நுளைச்சி என்னும் மீனவப் பெண் வடித்த கள்ளும் சுட்ட குழல்மீன் கருவாடும் கிடைக்கும் என்கிறது அந்த நூல். கடலலை கொண்டுவந்து ஒதுக்கிய அகில் கட்டைதான் அங்கே அடுப்பு விறகு. இன்றைய மரக்காணத்தின் மாலைப் படகு ஒன்றுக்கு உணவுப் பட்டியல் எழுதச் சொன்னால், நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஆனால் அந்தப் படகுகள் இப்போது இல்லை. லாரியும் ரயிலும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1960-களின் புயல்கள் கரையை உடைத்தன, சேறு ஏறியது, சென்னை நகருக்குள் கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலின் தூண்களை நட்டுவிட்டோம். கேரளத்திலும் இதே லாரி வந்தது. நெல் சுமந்த கெட்டுவள்ளங்களுக்கு அங்கேயும் வேலை போனது. ஆணி இல்லாமல் கயிற்றால் பலகையைத் தைத்த அந்தப் படகுகளைக் கேரளத்தார் தங்கும் அறையும் சமையலறையும் உள்ள வீடுகளாக மாற்றினார்கள். குட்டநாட்டின் சமையல் அவற்றில் ஏறி உலகப் புகழ் பெற்றது. நம் உப்புப் படகுகளுக்கு அப்படி ஒரு மறுபிறவி கிடைக்காமல் போனது எனக்கு ஆறாத வருத்தம். இதே கால்வாயின் வழியிலுள்ள முட்டுக்காட்டில், 1984 முதல் அரசின் படகுத் துறை இருக்கிறது. இரண்டு தளம் கொண்ட மிதக்கும் உணவகமும் அங்கே வந்துவிட்டது. நல்ல தொடக்கம்தான். என்றாலும் அது புதிதாகக் கட்டிய கப்பல், பழைய தோணியின் வாரிசு அல்ல.

2008-இல் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையான நீர்வழியைத் தேசிய நீர்வழி 4 என்று மத்திய அரசு அறிவித்தது. பக்கிங்காம் கால்வாயோடு, மரக்காணத்துக்குத் தெற்கேயுள்ள கழுவெளியும் அதில் சேர்ந்திருக்கிறது. இந்தக் கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும் ஆனது. 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த உவர்நீர்ப் பரப்பு. இரைச்சலிடும் டீசல் படகுக்கு அங்கே இடம் தரக்கூடாது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ‘ஆதித்யா’ என்ற சூரிய சக்திப் படகு 75 பேரை ஏற்றிச் செல்கிறது. எரிநெய்ப் புகையில்லை, உறுமலும் இல்லை. அகன்ற தட்டை அடி, மேலே சூரியத் தகடு, நடை வேகத்தில் ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், பழைய உப்புப் படகின் இலக்கணம் இங்கே ஓடும் ஒரு சூரியப் படகுக்கும் அப்படியே பொருந்தும். வேகம் குறைவென்றால் மின்கலமும் சிறிதாக இருந்தால் போதும், மண்கரையும் அரிக்காது.

அத்தகைய படகு ஓட வேண்டிய இடம் கழுவெளியின் நடுவே அல்ல. மரக்காணத்திலிருந்து வடக்கே செல்லும் கால்வாய்த் துண்டில் ஓடட்டும். பூநாரைகள் வந்து இறங்கும் மார்கழி, தையில் கரையிலேயே கட்டிக் கிடக்கட்டும். பாத்திகளில் உப்பு வாரும் பங்குனி, சித்திரையில், மாலை ஐந்தரைக்குக் கிளம்பலாம். முதலில் சுட்ட மீன், பிறகு சோறும் இறாலும்; சமைப்பவர்கள் உப்பளத்துக் குடும்பத்துப் பெண்களாக இருக்க வேண்டும். மழை மாதங்களில் பாத்திகள் மூழ்கிக் கூலி நின்றுபோகும் வீடுகள் அவை. கோடையில் சேர்கிற படகுப் பணத்தில் ஒரு பங்கு, ஐப்பசி, கார்த்திகையில் அவர்கள் அடுப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.