புது டிவியில் புள்ளியும் கோடும்: எது பழுது, எது பழுதில்லை?



தீபாவளி முற்பணம், சீட்டுக் காசு, கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பிய காசு என்று பல வழியிலும் சேர்த்துத்தான் நம்ம லயக் காம்பராவுக்கு ஒரு புது டிவி வருகிறது. வந்த அன்றைக்கே பிள்ளைகள் கேம் மெசினைக் கொண்டுவந்து மாட்டி விடுகிறார்கள். இரண்டு நாள் போனதும் "திரையில ஒரு கறுப்புப் புள்ளி தெரியுது", "ஓரத்துல வெளிச்சம் கசியுது", "ஓடுற படம் வெட்டுப்படுது" என்று பேச்சுத் தொடங்குகிறது. சிலர் உடனே கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள். சிலர் "நம்ம தலையெழுத்து" என்று சும்மா இருந்து விடுகிறார்கள். இரண்டுமே சரியில்லை. உண்மையான பழுது என்றால் பரிகாரம் கேட்க நமக்கு உரிமை உண்டு. பழுது இல்லையென்றால் டவுனுக்கு அலைந்து ஒரு நாள் பேரை இழக்க வேண்டியதில்லை. ஆகவே முதலில் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கப் பழகுவோம்.

முதல் சோதனை

கேம் மெசினின் வயரைக் கழற்றி விடுங்கள். ரிமோட்டில் மெனு பட்டனை அழுத்துங்கள். டிவி தானாகக் காட்டும் எழுத்துகள் வரும். அதிலும் அந்தக் கோடோ கறையோ தெரிந்தால் குறை டிவியில் இருக்கிறது. மெனுவில் ஒன்றுமில்லை, கேமில் மட்டும்தான் தெரிகிறது என்றால் குறை பெரும்பாலும் வயரில், மெசினில் அல்லது செட்டிங்கில் இருக்கும்.

புள்ளியைத் தேட இன்னொரு வழி உண்டு. முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களைப் பென் டிரைவில் போட்டு டிவியில் காட்டச் சொல்லுங்கள். போன் பாவிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு இது சின்ன வேலை. வீடு கொஞ்சம் இருட்டாக இருக்கட்டும்.

புள்ளி

இன்றைய தட்டை டிவியின் திரை சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆனது. இதைப் பிக்சல் என்கிறார்கள். ஃபுல் எச்.டி. டிவியில் நீளவாக்கில் 1920, உயரத்தில் 1080. மொத்தம் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். 4கே டிவியில் 82 இலட்சத்து 94 ஆயிரத்து 400. ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்கு.

எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கறுப்பாக நிற்பது செத்த புள்ளி. அது திரும்பி வராது. சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ எரிந்துகொண்டே நிற்பது சிக்கிக்கொண்ட புள்ளி. நிறங்கள் வேகமாக மாறும் வீடியோவை அரை மணி, ஒரு மணி நேரம் ஓட விட்டால் இது சில நேரம் சரியாகிவிடும். எப்போதும் சரியாகும் என்று சொல்ல முடியாது.

இத்தனை இலட்சத்தில் ஒன்றிரண்டு புள்ளி போனால் அதைப் பழுதாகக் கொள்ளாத கொம்பனிகள் உண்டு. எத்தனை போனால் மாற்றித் தருவோம் என்பது கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். எனவே காசு கட்டுவதற்கு முன்பே கடையில் இதைக் கேளுங்கள். முடிந்தால் அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள்.

வெளிச்சக் கசிவு, கோடு, வெடிப்பு

எல்.ஈ.டி. டிவியில் திரைக்குப் பின்னால் விளக்கு இருக்கிறது. கறுப்புப் படம் வரும்போது ஓரத்தில் மங்கலாகக் கொஞ்சம் வெளிச்சம் தெரிவது இந்த வகை டிவிக்கு இயல்பு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் குறையும். ஆனால் பகலில் சாதாரணப் படம் பார்க்கும்போதும் ஒரு மூலை வெள்ளையடித்த மாதிரி நின்றால் சொல்ல வேண்டிய குறைதான்.

மேலிருந்து கீழாகக் கோடு, பாதித் திரை இருட்டு, இவை திரையின் அல்லது உள்ளே இருக்கும் பகுதிகளின் பழுது. தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே அறிவியுங்கள்.

சிலந்தி வலை மாதிரி வெடிப்பும் அதைச் சுற்றி மை பரவியது போன்ற கறையும் இருந்தால் அது அடிபட்ட அடையாளம். வீட்டில் உடைந்ததற்கு வாரண்டி கிடைக்காது. பெட்டி வந்து இறங்கும்போதே, கொண்டுவந்தவர் முன்னால் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் பிறகு வழக்காடுவது கஷ்டம்.

கேமில் மட்டும் தெரியும் குறைகள்

பட்டனை அழுத்திக் கொஞ்சம் பிந்தித்தான் ஆள் குதிக்கிறானா? டிவி படத்தை அழகுபடுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் அது. பிக்சர் செட்டிங்கில் 'கேம் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள்.

ஓரத்தில் புள்ளிக்கணக்கு, நேரம் வெட்டுப்படுகிறதா? படத்தின் அளவை மாற்றும் செட்டிங்கில் முழுப் படமும் தெரியும்படி வையுங்கள்.

படம் மினுக்கி மினுக்கிப் போகிறதா? எச்.டி.எம்.ஐ. வயரை மாற்றிப் பாருங்கள். டிவியில் வேறு ஓட்டையில் மாட்டியும் பாருங்கள்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மாட்டும் பழைய கேம் மெசின் பெரிய திரையில் மங்கலாகத்தான் தெரியும். அது டிவியின் குற்றமில்லை. அதோடு வரும் வாத்துச் சுடும் துப்பாக்கியும் இந்த டிவியில் வேலை செய்யாது. பழைய குழாய் டிவி படத்தைக் கோடு கோடாக எழுதும் விதத்தை நம்பித்தான் அந்தத் துப்பாக்கி செய்யப்பட்டது. அதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம்.

கேமை நிறுத்தி வைத்துவிட்டு டிவியை மணிக்கணக்காக அப்படியே விட்டால் அசையாத படத்தின் நிழல் திரையில் தங்கலாம். எல்.ஈ.டி. டிவியில் அநேகமாகக் கொஞ்ச நேரத்தில் மறையும். ஓ.எல்.ஈ.டி. என்னும் விலை கூடிய டிவியில் மறையாமலே நின்றுவிடலாம். பிள்ளைகள் சாப்பிடப் போனால் டிவியை அணைக்கச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

"அண்ணே, விரலால லேசா அழுத்துங்க, புள்ளி போயிரும்" என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்வார். கேட்காதீர்கள். ஒரு புள்ளி போன இடத்தில் திரையே போய்விடும். பின்பக்கம் ஆணியைக் கழற்றினால் வாரண்டியும் போய்விடும். ஈரத் துணி, ஸ்பிரிட் எதுவும் வேண்டாம். காய்ந்த மெல்லிய துணி போதும்.

ஆட்டோவில் ஏற்றும்போது பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள்; படுக்க வைக்காதீர்கள். மழையிலும் பனியிலும் குளிர்ந்து வந்த டிவியை அடுப்புச் சூடு உள்ள காம்பராவுக்குள் கொண்டுவந்த உடனே போட வேண்டாம். உள்ளே வேர்த்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். இடி மின்னல் நேரம் பிளக்கையும் அன்டனா வயரையும் கழற்றுங்கள். மின்னல் தாக்கிய டிவிக்குச் சாதாரண வாரண்டியில் பரிகாரம் கிடைப்பதில்லை.

பில்லும் வாரண்டியும்

பில்லைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. வாரண்டி அட்டையில் கடை முத்திரை, திகதி, டிவியின் இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியையும் ரெஜிபோமையும் கொஞ்ச நாளைக்கு எரித்துவிடாதீர்கள். திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் தேவைப்படும்.

குறையைக் கண்டதும் போனில் படம் எடுங்கள். கண்ட திகதியை எழுதி வையுங்கள். முதலில் கடைக்குச் சொல்லுங்கள். வாயால் மட்டுமல்ல, எழுத்திலும் கொடுத்து ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். தவணைக்கு வாங்கியவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்தி விடாதீர்கள். அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும்.

கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. கொடுத்த வாரண்டிப்படி நடக்காத வியாபாரிமேல் விசாரணை செய்ய 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அதிகாரம் தந்திருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த மாசம் வாங்க, அதுக்கடுத்த மாசம் வாங்க" என்று கடையில் இழுத்தடித்தால் அந்த 3 மாதம் கரைந்து போகும் என்பதை மறக்க வேண்டாம். தொலைபேசி இலக்கம் 1977. மாவட்டச் செயலகத்திலும், அதாவது கச்சேரியிலும், விசாரிக்கலாம். கடிதம் எழுதத் தெரியாதவர்கள் படித்த பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள், தமிழிலேயே எழுதலாம்.

மாதக்கணக்கில் மலையேறிச் சேர்த்த காசு அது. டிவி வாங்கிய முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். பில்லையும் வாரண்டி அட்டையையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைக்கிற பையிலேயே வைத்து விடுங்கள்.