24 முறை குலுங்கிய நிலம்

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று சொல்லும் கருவி இன்றுவரை இல்லை. ஆனால், ஒரு நிலப்பிளவு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை குலுங்குகிறது, அடுத்த முறை எவ்வளவு பலமாகக் குலுங்கக்கூடும் என்று கணிக்க வழி இருக்கிறது. அதற்கு மிகச் சிறந்த சான்று, நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவு.

தெற்குத் தீவின் மேற்கில், சதர்ன் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தை ஒட்டி நீள்கிறது இந்தப் பிளவு. பசிபிக் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் உரசும் எல்லை இது. இந்தப் பிளவின் நெடுக ஆண்டுக்குச் சுமார் 27 மில்லிமீட்டர் வீதம் இரண்டும் ஒன்றையொன்று கடந்து செல்ல முயல்கின்றன. பிளவோ இறுகிக் கிடக்கிறது. நகர முடியாத தூரமெல்லாம் பாறைக்குள் இறுக்கமாகச் சேர்கிறது. கடைசியாகப் பிளவு நழுவியது 1717இல். அதன் பிறகு சேர்ந்திருக்கும் பாக்கி மட்டும் ஏறத்தாழ 8 மீட்டர்.

வண்டல் சொன்ன வரலாறு

1717 நிலநடுக்கத்துக்கு எழுத்துப் பதிவு கிடையாது. மரங்களின் ஆண்டு வளையங்களே அந்தக் காலத்தைக் காட்டிக்கொடுத்தன. அதற்கும் முந்தைய வரலாறு பிளவையொட்டிய ஹொகுரி ஓடையில் கிடைத்தது. ஒவ்வொரு பெரிய குலுக்கலிலும் பிளவின் ஒரு பக்கம் உயர்ந்து ஓடையை மறித்தது. தேங்கிய நீரில் வண்டல் படிந்தது. அமைதியான காலங்களில் அதன்மேல் செடிகள் வளர்ந்து மக்கின. இப்படி மாறி மாறிப் படிந்த அடுக்குகளிலிருந்து இலைகளையும் விதைகளையும் எடுத்து, கதிரியக்கக் கார்பன் முறையில் வயதைக் கண்டறிந்தது கெல்வின் பெரிமன் தலைமையிலான குழு. அருகிலிருந்த சதுப்பு நிலத்தின் தடயங்களையும் சேர்த்து 2012இல் அவர்கள் வெளியிட்ட முடிவு: 8,000 ஆண்டுகளில் 24 நிலநடுக்கங்கள், சராசரி இடைவெளி 329 ஆண்டுகள்.

ஏரிப் படிவுகளை ஆராய்ந்த ஜேமி ஹோவர்த் குழு 2021இல் இன்னும் தெளிவாகச் சொன்னது. அடுத்த 50 ஆண்டுகளில் பிளவு நழுவும் வாய்ப்பு 75 சதவீதம். நழுவினால், நிலநடுக்கத்தின் அளவு 8 அல்லது அதற்கு மேல் இருக்கும் வாய்ப்பு 82 சதவீதம். 50 ஆண்டுகள் என்பதற்காக நிம்மதியாக உட்கார முடியாது. அந்த நாள் நாளைக்கே வரலாம்.

தெரிந்த ஆபத்து

2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 185 உயிர்களைப் பறித்த நிலநடுக்கம், அதுவரை யாரும் அறியாத பிளவில் பிறந்தது. அந்த நகருக்குக் கிடைக்காத எச்சரிக்கை ஆல்பைன் பிளவோரம் வாழும் மக்களுக்குக் கிடைத்திருக்கிறது. எந்த மலைச்சாலைகள் நிலச்சரிவில் மூடும், எந்த ஊர்கள் துண்டிக்கப்படும், உதவி எப்படிப் போய்ச் சேரும் என்றெல்லாம் முன்கூட்டியே திட்டமிட, 2016இல் 'ஏ.எஃப்.8' என்ற கூட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பிளவு நேராகக் கடந்து செல்லும் ஃபிரான்ஸ் ஜோசப் போன்ற சுற்றுலா ஊர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை.

ஓடைச் சேற்றைக் கிளறி விஞ்ஞானிகள் தங்கள் கடமையை முடித்துவிட்டார்கள். இனி அங்கே எழும் ஒவ்வொரு பாலமும் பள்ளியும் மருத்துவமனையும் அந்த 75 சதவீதத்தைக் கணக்கில் வைத்தே எழ வேண்டும். தெரிந்திருந்தும் பலவீனமாகக் கட்டிவிட்டு, பிறகு போகும் உயிர்களுக்கு நிலத்தின் மேல் பழி போட முடியாது.