குடலைத் தளர்த்தும் வாயு

செரிமானத்தைப் பற்றி வகுப்பறையில் பேசும்போது நாம் பெரும்பாலும் தசைகள் சுருங்குவதையே விளக்குகிறோம். உணவுக்குழாய் சுருங்கி உணவைத் தள்ளுகிறது, இரைப்பை சுருங்கிப் பிசைகிறது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால், பின்னால் தசை சுருங்கும் அதே வேளையில் முன்னால் தசை தளர்ந்து வழிவிடாவிட்டால் ஒரு கவளமும் சீராக நகராது. இத்தளர்ச்சிக்குரிய முதன்மைத் தூதுவர்களுள் ஒன்று நைட்ரிக் ஆக்சைடு.

ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இணைந்த மிகச் சிறிய மூலக்கூறு இது. மயக்கமருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வேறு. பெயரொற்றுமையால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வதை ஆசிரியர்கள் அறிவர். வாகனப் புகையின் மாசாகவே நெடுங்காலம் அறியப்பட்ட இவ்வாயு, உடலுக்குள் செய்தி கொண்டுசெல்லும் பொருளாகவும் விளங்குகிறது என்பதைக் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அவர்கள் ஆராய்ந்தது குருதிக்குழாய்களை. குடலிலும் அதே வேலை நடைபெறுகிறது.

குடற்சுவரிலுள்ள நரம்பணுக்கள் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து நொதியொன்றின் துணையால் இவ்வாயுவை உண்டாக்குகின்றன. பிற நரம்புச் செய்திப்பொருள்களைப் போல இதனைச் சிறு பைகளில் சேமித்துவைக்க இயலாது. வேண்டும்போது உருவாகி, உயிரணுச் சவ்வை ஊடுருவி, அடுத்துள்ள தசையைத் தளர்த்திச் சில நொடிகளில் மறைந்துவிடுகிறது.

அக்கலேசியா என்னும் நோயில், உணவுக்குழாயின் கீழ்முனைச் சுருக்குத்தசையைத் தளர்த்தும் இந்நரம்பணுக்கள் அழிந்துபோகின்றன. கதவு திறப்பதில்லை. விழுங்கிய சோறும் நீரும் நெஞ்சுக்குள் தேங்கி, படுத்தால் மேலேறி வருகின்றன, உடல் மெலிகிறது. இதனை வெறும் நெஞ்செரிச்சல் எனக் கருதி ஆண்டுக்கணக்கில் அதற்குரிய மாத்திரையையே உட்கொண்டவர்களும் உண்டு. விழுங்குவது தொடர்ந்து கடினமாக இருப்பின் மருத்துவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பதை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறோம்.

இரைப்பைக்கு இவ்வாயு வந்துசேர வேறொரு வழியும் உண்டு. எமக்கு அதுவே மிகுந்த வியப்பைத் தருவது. சந்தையில் நாம் ‘பாயாம்’ என்று கேட்டு வாங்கும் தண்டுக்கீரை, பசலைக்கீரை, பீட்ரூட் முதலியவற்றில் நைட்ரேட் மிகுதி. குருதியிற் கலந்த நைட்ரேட்டில் ஏறத்தாழக் கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஈர்த்துக்கொள்கின்றன. நாவின் பின்பகுதியில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அவ்வுமிழ்நீரை விழுங்கும்போது இரைப்பை அமிலம் அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை வெளிப்படுத்துகிறது. 1994இல் வெளிவந்த ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. கிருமிகளை ஒடுக்கவும், இரைப்பை உட்சுவரின் குருதியோட்டத்தையும் சளிப்படலத்தையும் பேணவும் இவ்வாயு உதவுகிறது. கிருமிக்கொல்லி நீர்மங்களால் அடிக்கடி வாய் கொப்புளித்தால் இச்சங்கிலி நாவிலேயே அறுபடக்கூடும்.

அளவு மிகும்போது நிலைமை மாறுகிறது. பெருங்குடற்புண் அழற்சியில் மற்றொரு வகை நொதி தூண்டப்பெற்று, இவ்வாயுவைப் பேரளவில் இடைவிடாது உண்டாக்குகிறது. அது சூப்பராக்சைடுடன் சேர்ந்து பெராக்சிநைட்ரைட்டாகி, உயிரணுக்களின் புரதங்களையும் மரபுப்பொருளையும் சிதைக்கிறது. அந்நொதியைத் தடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடும் என்று உடனே முடிவு கட்டுவதற்கில்லை. விலங்குகளிடம் நடத்திய சோதனைகளில், தடுத்தபோது அழற்சி தணிந்ததும் உண்டு, முன்னிலும் மிகுந்ததும் உண்டு.