அயல்நாட்டு நர்ஸ் வேலையும் ஸ்பான்ஸரும்

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இடம்பெயர்தல் புதிதன்று. தந்தை தில்லிக்கோ மும்பைக்கோ வந்தார். நர்ஸ் தொழில் பயின்ற மகள் இன்று லண்டனையும் துபாயையும் நோக்குகிறாள். ஆனால் பெரியதொரு வேற்றுமை உண்டு. தந்தை ரயிலேற எவர் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. மகள் கடல் கடக்க வேண்டுமாயின், வேலை தரும் நிறுவனம் அந்நாட்டு அரசாங்கத்திடம் அவளுக்காகப் பொறுப்பேற்க வேண்டும். அந்நிறுவனமே ஸ்பான்ஸர். எனவே, சம்பளம் எவ்வளவு என்று வினவுமுன், ஸ்பான்ஸர் யார், அவரை விட்டு விலக நேர்ந்தால் மகளின் கதி யாது என்று வினவுவதே அறிவுடைமை.

இப்பிணைப்பு நாட்டுக்கு நாடு வேறுபடும். வளைகுடா நாடுகளில் குடியிருப்பு அனுமதி பெரும்பாலும் முதலாளியைச் சார்ந்தே நிற்கிறது. அங்கே சீர்திருத்தங்கள் நடவாமலில்லை. முதலாளியின் சம்மதமின்றியே வேலை மாற 2020-ல் கத்தார் வழிசெய்தது. அமெரிக்காவில் மருத்துவமனை மனுச்செய்தால் நிரந்தரக் குடியுரிமைச் சீட்டே கிட்டும்; கணவரும் 21 வயதுக்குட்பட்ட மக்களும் உடன் செல்லலாம். ஆயினும் பிறந்த நாட்டைக் கொண்டு ஆண்டுதோறும் வரம்பு வகுத்திருப்பதால், இந்தியாவில் பிறந்தோர் பல்லாண்டுகள் காத்திருக்கின்றனர்.

பிரிட்டனின் முறையைச் சற்று விரிவாக நோக்குவோம். 2020 ஆகஸ்டில் மருத்துவப் பணியாளர்களுக்கென அங்கே தனி விசா ஏற்பட்டது. அரசாங்க உரிமம் பெற்ற மருத்துவமனை, வேலைக்கு எடுத்தபின் ஸ்பான்ஸர் சான்று வழங்கும். அது ஒரு பதிவு எண்ணேயன்றிக் காகிதமன்று. உரிமம் பெற்றோர் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசாங்கமே வெளியிடுகிறது; எவரும் இல்லத்திலிருந்தே பார்க்கலாம். ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வும், கணினித் தேர்வும் தேறியாக வேண்டும். செய்முறைத் தேர்வு அந்நாட்டிலேயே நடைபெறும். வேலையில் சேர்ந்து 8 மாதங்களுக்குள் நர்ஸாகப் பதிவு பெறவேண்டும். இடையில் வேலை போயின், வேறு ஸ்பான்ஸரைத் தேட வழக்கமாக 60 நாட்களே அவகாசம். குறித்த காலத்துக்குமுன் விலகினால் செலவைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கக்கூடும். தொகையையும் காலத்தையும் படித்தறிந்த பின்னரே கையொப்பமிடுக.

"நர்ஸ் வேலை தாமதமாகும், முதலில் முதியோரைப் பராமரிக்கும் உதவியாளாகச் செல்லலாம்" என்று ஆசை காட்டும் தரகரிடம் எச்சரிக்கை தேவை. வெளிநாட்டிலிருந்து புதிதாக அவ்வேலைக்கு ஆளெடுக்கும் வழியைப் பிரிட்டன் 2025 ஜூலை 22-ல் அடைத்துவிட்டது. மேலும், ஸ்பான்ஸர் உரிமத்துக்கும் சான்றுக்கும் ஆகும் கட்டணம் முதலாளியையே சாரும். சான்றை விலைக்குத் தருவதாகச் சொல்பவன் வஞ்சகனே.

நம் நாட்டுச் சட்டமும் துணை நிற்கிறது. பதிவுபெற்ற ஏஜெண்டு, தன் சேவைக்கென ரூ. 30,000-மும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும் தவிர வேறெதுவும் பெறலாகாது. நர்ஸுகளிடம் லட்சக்கணக்கில் பணம் பறிக்கப்பட்டதன் விளைவாக, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியே அவர்களை அனுப்பவேண்டுமென மத்திய அரசு 2015-ல் ஆணையிட்டது. 1978-ல் தோன்றிய தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும், கேரளத்தின் நோர்க்காவும் அவற்றுள் அடங்கும். ஏஜெண்டு பதிவுபெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் காணலாம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மற்றொரு கடமையும் உண்டு. மகள் சென்னையில் பயின்று தில்லியில் பணிபுரிபவளாயின், அவள் பதிவு செய்துள்ள மாநில நர்ஸிங் கவுன்சிலிலிருந்தே சரிபார்ப்புக் கடிதம் அயல்நாட்டுக்குச் செல்லவேண்டும். பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டிலும் சான்றிதழிலும் ஒன்றாக உளவா என இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தைபெயர் முன்னெழுத்து ஓரிடத்தில் விரிந்தும் ஓரிடத்தில் சுருங்கியும் இருப்பது தமிழர்க்கே உரிய தொல்லை. அதைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

நகையை அடகு வைத்தேனும் மகளை அனுப்பிவிடலாம் என்று துணியும் பெற்றோர் பலர். அங்ஙனம் கடனோடு செல்பவள், பணியிடத்தில் அநீதி நேரினும் வாய் திறக்க அஞ்சுவாள். கடனின்றிச் செல்பவளே நிமிர்ந்து நின்று தொழில் புரிவாள். ஆறு மாதம் தாமதமாயினும் நேர்வழியே நன்று.