தண்ணீர் வற்றும்போது வரும் பச்சை
கண்மாய்க்கரை நடை – 9

பள்ளிக்கூடத்தில் வசந்தம் என்றால் பனி உருகும், ஓடை பெருகும் என்று படித்தோம். மேலூர்ப் பக்கம் அதில் ஒன்றும் நடக்காது. பங்குனியில் இங்கே கண்மாய்த் தண்ணீர் நடுப்பள்ளத்துக்கு ஒதுங்கிவிடும். கரையோரச் சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது. இந்த நேரம் பார்த்துத்தான் மரங்கள் தளிர் விடுகின்றன. பஞ்சாங்கப்படி பங்குனி இன்னும் பின்பனிக்காலம். இளவேனில் சித்திரையில்தான் தொடங்க வேண்டும். அரச மரத்துக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது?

இந்த வார நடை அரிட்டாபட்டியில். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தால் ஊர் கொதித்ததும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நிமிர்ந்தபடியே நடப்பார்கள். லகர் வல்லூறும் ராசாளியும் பாறை இடுக்கில் கூடு வைக்கும் மலைகள் இவை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கழுத்து வலிக்க மலையைப் பார்த்துவிட்டு, காலடியில் இருக்கும் புங்கையைத் தாண்டிப் போய்விடுகிறோம். நானும் பல வருடம் அப்படிப் போனவன்தான்.

புங்கை பதினைந்து நாள் முன்பு மொட்டையாக நின்றது. இப்போது ஒவ்வொரு இலையும் எண்ணெய் தடவியதுபோல் மின்னுகிறது. ஒன்றைப் பறித்துக் கையில் வைத்துப் பார்த்தேன்: துணிபோல் துவள்கிறது, ஒரு ஓட்டை இல்லை, ஒரு கறை இல்லை. இதே மரத்தின் இலையை ஆவணியில் பார்த்திருக்கிறேன். இலைக்குள்ளேயே சுரங்கம் தோண்டும் புழு வெள்ளைக் கோலம் போட்டிருக்கும், விளிம்பு கடிபட்டிருக்கும், கொப்புளம் வேறு.

மழையே இல்லாத நாளில் எதற்காகத் தளிர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இந்த இரண்டு இலைகளுக்கு நடுவில் இருக்கிறது. முரளியும் ராமன் சுகுமாரும் முதுமலைக் காட்டு மரங்களைத் தொடர்ந்து கவனித்து 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கோடையிலேயே தளிர்விட்ட இலைகளைவிட, மழை தொடங்கியபின் தளிர்விட்ட இலைகளைப் பூச்சிகள் அதிகம் தின்றிருந்தன. மழை விழுந்ததும் புழுவும் வண்டும் பெருகும். அதற்குள் இலை முற்றித் தடித்துவிட்டால் பல்லுக்கு எட்டாது. முந்திக்கொள்கிற மரத்துக்கு லாபம்.

தண்ணீருக்கு என்ன செய்கிறது? வேர் ஆழத்தில் ஈரம் இருக்கிறது. பழைய இலையை உதிர்த்துவிட்டால் வெளியேறும் நீரும் நின்றுபோகிறது. தண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக்கொள்கிறது. அந்தச் சேமிப்பில்தான் தளிர் வருகிறது. மாசியில் இலையுதிர்வதை மரம் சோர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். சமையல் தொடங்குமுன் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிற வேலை அது.

அரச மரத்தின் தளிர் செம்புக் காசின் நிறம். காலை வெயில் அதன் வழியே வரும்போது மரத்தடியில் நிற்கிறவர் முகமெல்லாம் சிவப்பு. அந்தோசயனின் என்ற நிறமியின் வேலை இது. இளம் இலையைச் சுள்ளென்ற வெயிலிலிருந்து காக்கத்தான் இந்தச் சிவப்பு என்று சொல்கிறவர்கள் உண்டு.

கண்மாய்க்கரை வேம்பின் அடியில் பழைய சேலை ஒன்றை விரித்துவிட்டு ஒரு அப்பத்தா உட்கார்ந்திருந்தார். சேலை முழுக்க வேப்பம்பூ.

“என்ன தம்பி, விடியுமுன்னயே கண்ணாடியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டீக?”

“குருவி பாக்க வந்தேன், அப்பத்தா. கிளைய உலுக்கினா சீக்கிரம் சேந்துருமே?”

“உலுக்கக் கூடாது. தானா விழுறதுதான் பூவு. உலுக்குனா காம்பும் பிஞ்சுமால்ல வரும். அப்புறம் யாரு உக்காந்து பொறுக்குறது?”

வருசப் பிறப்புப் பச்சடிக்குக் கொஞ்சம், மற்றதை நிழலில் காயவைத்து ரசத்துக்கு என்றார். பேச்சுக்கு நடுவே எங்கிருந்தோ ‘டுக்... டுக்... டுக்...’ என்று ஓர் ஓசை. “அதுவா? வெயில் குருவி. அது கூப்புட ஆரம்பிச்சா சூடு ஏறுதுன்னு அர்த்தம்” என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

செம்மார்புக் குக்குறுவான். சிறுவயதில் அது பறவை என்றே எனக்குத் தெரியாது. தூரத்துத் தோட்டத்தில் ஆயில் இன்ஜின் பம்புசெட் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். எந்தத் தோட்டம் என்று ஒருநாள் தேடியும் போனேன். கிழக்கே கேட்கும், போனால் மேற்கே கேட்கும். வெகுகாலம் கழித்துத் தொலைநோக்கியில் பார்த்தபோதுதான் மர்மம் விளங்கியது. அது கூப்பிடும்போது அலகைத் திறப்பதே இல்லை. தொண்டையில் ஓரிடம் உப்பி உப்பி அமுங்குகிறது. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் தலை ஒரு பக்கம் திரும்புகிறது. அதனால்தான் ஓசை இடம் மாறுவதுபோல் ஏமாற்றுகிறது. கடிகாரம் வைத்து எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 110.

இன்று அது இருந்தது ஒரு பட்டுப்போன முருங்கைக் கிளையில். பச்சை உடம்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், நெற்றியில் குங்குமம் வைத்ததுபோல் ஒரு சிவப்பு, மார்பில் இன்னொன்று. கிளையின் அடிப்பக்கத்தில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டமாகத் துளை போட்டிருக்கிறது. உள்ளே போகும், நிமிடம் கழித்து வாய் நிறைய மரத்தூளோடு தலையை நீட்டி உதறும். அடியில் வாசல் வைத்தால் மழை உள்ளே விழாது. பட்ட கிளை என்று அரிவாள் எடுக்குமுன் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள்.

குயிலைச் சொல்லாமல் பங்குனியைப் பற்றி எழுத முடியாது. குயில் வசந்தத்தில் ‘வருகிறது’ என்று பலர் நினைக்கிறார்கள். அது எங்கும் போகவில்லை. மார்கழியில் இதே புளிய மரத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது. கூவுகிறவன் ஆண், கறுப்பு உடம்பு, ரத்தச் சிவப்புக் கண். பெண்ணுக்குப் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். அவள் பாடுவதில்லை, ‘கிக் கிக் கிக்’ என்று கத்துவாள். பாரதியின் குயில் பாட்டில் பாடுகிறவள் பெண்தான். கவிதைக்கு அது வேண்டியிருந்தது, நான் வழக்குப் போட மாட்டேன்.

சென்ற ஆண்டு சித்திரையில் இந்தப் புளியில் காக்கைக் கூடு ஒன்று இருந்தது. ஆண் குயில் கூட்டுக்கு எதிரிலேயே வந்து உரக்கக் கூவினான். இரண்டு காக்கைகளும் பாய்ந்து விரட்டின. அவன் நேராகத் தப்பிக்காமல் தோப்பைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனான். அந்த இடைவெளியில் புள்ளிக்காரி இலைக்குள்ளிருந்து கூட்டுக்கு நழுவினாள். முட்டையிட்டதை நான் பார்க்கவில்லை. காக்கை திரும்பும்போது அவள் அங்கே இல்லை என்பதை மட்டும் பார்த்தேன். ஐந்து வாரம் கழித்து ஒரு தாய்க்காக்கை, தன்னைப்போல் இல்லாத குஞ்சின் வாயில் சோற்றுப் பருக்கையைத் திணித்துக்கொண்டிருந்தது. குயில் முட்டை காக்கை முட்டைக்குச் சில நாள் முன்பே பொரிந்துவிடும். அந்தச் சில நாள் முந்துதல் போதும், வாய்ச்சோறு முதலில் அதற்குத்தான்.

இதற்கெல்லாம் காடு வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு மா. கிருஷ்ணனைக் காட்டுவேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். யானையை எழுதிய அதே கவனத்தோடு வீட்டுக் காக்கையையும் அணிலையும் எழுதினார்.

கோயில் பக்கம் ஒரு சரக்கொன்றை மட்டும் முந்திக்கொண்டு பூத்திருக்கிறது. சித்திரையில் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது பூவைத் தனியாகப் பார்க்கத் தோன்றாது. நாலைந்து பூ இருக்கும் இப்போதுதான் பார்க்கலாம். பத்து மகரந்தத்தாள்கள், பத்தும் ஒன்றுபோல் இல்லை. மூன்று நீண்டு வில்போல் வளைந்திருக்கின்றன, நான்கு நடுத்தரம், மூன்று குட்டை. இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிறவருக்கு மகரந்தத்தூள்தான் கூலி. கருவண்டு ஒன்று வந்தது. நடுவில் இருக்கும் தாள்களைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவிட்டது. மூன்றடி தள்ளி நின்ற எனக்கு அந்த ரீங்காரம் கேட்டது. அது முன்னால் தூளை வாரிக்கொண்டிருக்கும்போது, வளைந்த மூன்று நீளத் தாள்களும் பின்னாலிருந்து அதன் உடம்பில் தூள் பூசின. வண்டின் கைக்கு எட்டாத அந்தத் தூள்தான் அடுத்த பூவுக்குப் போகும்.

கரையின் தெற்கு முனையில் இந்த முறை நிற்க மனம் வரவில்லை. அங்கே செங்குத்தான மண்சுவரில் பச்சைப் பஞ்சுருட்டான்கள் வருடா வருடம் வளை தோண்டும். பிடித்த தேனீயைக் கிளையில் அடித்து, தேய்த்து, கொடுக்கை நீக்கிவிட்டு விழுங்கும் பறவை. கை நீளத்துக்கு மேல் போகும் அந்த வளைகள், மண் அள்ளும் இயந்திரத்தின் ஒரு வாய்க்கு ஆகாது. வண்டல் அள்ளுவது வேண்டிய வேலை, தண்ணீர் நிற்க வேண்டாமா. ஆனால் வண்டல் கிடப்பது கண்மாயின் உள்ளே. சுவரை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டேன். வண்டி திரும்ப இடம் வேண்டுமாம். மின்கம்பியில் நான்கு பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்து புதுமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வருகிறவற்றைப் போலவே போகிறவையும் உண்டு. மார்கழியில் வானத்தை மறைத்த சூறைக்குருவிகள் இப்போது கல்யாண முருங்கைப் பூவில் தேன் குடித்துக்கொண்டிருக்கின்றன. மார்பில் ரோஜா நிறம் ஏறிவிட்டது. இன்னும் சில நாளில் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குக் கிளம்பிவிடும்.

என் நோட்டில் இரண்டு பத்திகள்: ‘முதல் நாள்’, ‘கடைசி நாள்’. முதலாவது எளிது. குயில் கூவிய அன்றே எழுதிவிடலாம். கடைசி நாள் அப்படியில்லை. ஐப்பசியிலிருந்து எங்கள் தெருக்கோடிப் புதரில் ஒரு ஆறுமணிக்குருவி தங்கியிருந்தது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை. மற்ற நேரமெல்லாம் தரையில் சருகைப் புரட்டும் சத்தம். குட்டை வால், உடம்பில் எண்ண எண்ணத் தீராத நிறம். வடக்கே போய்த் தென்மேற்குப் பருவமழையோடு கூடு கட்டும் பறவை அது. ஏப்ரல் 6 மாலை கேட்டேன். 7 காலை கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டேனா என்று இப்போது சந்தேகம். 8, 9 இரண்டு நாளும் புதர் பக்கம் போய் நின்றேன், தவிட்டுக்குருவிக் கூட்டம்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. 7க்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் இலுப்பைத் தோப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல், டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு. பூ உதிரும்போது பழவௌவால்கள் வந்துவிடும்.