துணிப்பையில் எழுத்து நிற்கும் விதம்

சென்ற ஆண்டு மதரஸா ஆண்டு விழாவுக்காக 300 துணிப்பைகளில் பெயர் அச்சிட்டு வாங்கினோம். இரண்டு முறை துவைத்ததுமே எழுத்து உரிந்துவிட்டதாகத் தாய்மார்கள் கொண்டுவந்து காட்டினார்கள். விசாரித்ததில், மையில் குறையில்லை; அச்சிட்டபின் சூடு கொடுக்காமலே மடித்து அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நம் சகோதரிகள் சிலர் இதே ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலுக்கு உதவி கேட்டு விண்ணப்பித்திருப்பதால், அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

மரச் சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ பாலியஸ்டர் வலைத்துணியை விறைப்பாக இழுத்து ஒட்டியதுதான் ஸ்கிரீன். (ஒரு காலத்தில் பட்டுத்துணி, அதனால்தான் 'சில்க் ஸ்கிரீன்' என்ற பெயர்.) அதில் எமல்ஷன் என்னும் பசையை இருட்டறையில் மெல்லியதாகப் பூசிக் காயவைக்கிறார்கள். எழுத்து கறுப்பாக அச்சான ஃபிலிமை அதன்மேல் வைத்து விளக்கு வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இறுகாது. தண்ணீர் பீய்ச்சியதும் அந்த இடம் கரைந்து, எழுத்தின் வடிவில் வலைக்கண்கள் திறக்கும். பிறகு பையின் மேல் ஸ்கிரீனை வைத்து, ரப்பர் பட்டையால் மையை ஒரே அழுத்தத்தில் இழுத்தால், திறந்த கண்கள் வழியே மட்டும் மை இறங்கும்.

ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். பத்துப் பைக்கும் ஆயிரம் பைக்கும் அதைத் தயாரிக்கும் செலவு ஒன்றுதான். குறைந்த எண்ணிக்கைக்கு விலை கூடுவது அதனால்தான். ஏமாற்றுவதாக எண்ண வேண்டாம்.

சூடுதான் முக்கியம். பிளாஸ்டிசால் மை காற்றில் காயவே காயாது. சுமார் 160 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதன் அடிவரை எட்ட வேண்டும். தண்ணீர் கலந்த மை தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலிருக்கும். அதற்கும் பெரும்பாலும் சூடு கொடுத்தால்தான் சலவை தாங்கும்.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதால் துணிப்பைக்குக் கிராக்கி உண்டு. ஆனால் வீட்டுச் சமையலறையில் இந்த வேலை வேண்டாம். எமல்ஷனில் சிலர் கலக்கும் பைகுரோமேட் நச்சுப்பொருள். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது.

வந்த விண்ணப்பங்களில் ஒன்றில்கூட ஹீட் பிரஸ் இயந்திரத்தின் விலை சேர்க்கப்படவில்லை. அதையும் சேர்த்துத் திருத்திய கணக்கையும், அச்சிட்டு ஐந்து முறை துவைத்த மாதிரிப் பை ஒன்றையும் அலுவலகத்தில் கொடுக்குமாறு சகோதரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.