உடையார்குடிக் கல்லும் கிட்டங்கி வெள்ளமும்

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியின் அனந்தீசுவரர் ஆலயத்தில், இராஜராஜ சோழனின் 2ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட சாசனம் ஒன்று, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளென்று சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் முதலியோரைச் சுட்டி, அவர்களுடைய சுற்றத்தாரின் உடைமைகள் பறிக்கப்பட்டதைத் தெரிவிக்கிறதேயன்றி, கொலை எங்கே, என்ன காரணத்தால் நிகழ்ந்தது என்று வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்திலேதான் கல்கி, 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னில், கடம்பூர் மாளிகையை எழுப்பி, நந்தினி என்ற கற்பனைப் பெண்ணையும் உலவவிட்டார். அது நாவலாசிரியனுக்குரிய நியாயமான சுதந்திரம். ஆனால், 'பிரமாதிராஜன்' என்ற அரசாங்கப் பட்டம் தாங்கியவனாகச் சாசனம் காட்டும் ரவிதாஸனை, காட்டில் மறைந்து திரியும் பாண்டிய நாட்டு ஆபத்துதவியாக (மெய்க்காவல் வீரனாக) அவர் மாற்றியதை என்னால் அவ்வளவு எளிதில் ஏற்க முடியவில்லை; சோழ அதிகார வட்டத்துக்குள்ளேயே எழவேண்டிய சந்தேகத்தை அம்மாற்றம் வெளிநாட்டுப் பகையின்மேல் ஏற்றிவிட்டது; இன்றும் பலர் அதையே சரித்திரமென்று நம்புகிறார்கள்.

தொலைவான காலத்தைப் போலவே தொலைவான தேசமும் எழுத்தாளருக்கு இடங்கொடுக்கும். இலங்கை எழுத்தாளர் சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' மிசிர் (எகிப்து) தேசத்தைப் பற்றியது. அதைப் படித்த இலங்கை வாசகருள் மிகப் பெரும்பாலோர் அந்நாட்டைக் கண்டதில்லை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள நற்பிட்டிமுனையைக் களமாக வைத்து எழுதுகிறவருக்கோ அந்த வசதி கிடையாது. இங்கே வாசகரே சாட்சி. மாரி மழையில் அவ்வூரருகே கிட்டங்கித் தாம்போதியை (தாழ்பாலத்தை) வெள்ளம் மூடுவதைக் கண்டு வளர்ந்தவரிடம், அறுவடை முடிந்து வயல்வட்டை காய்ந்து கிடக்கும் பங்குனியில் அதே வெள்ளம் பெருகியதாக எழுதினால், அவர் புத்தகத்தை மூடிவிடுவார். கல்யாணம் முடிந்த மணமகளைக் கண்ணீரோடு மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் அத்தியாயத்துக்கும் அதே கதிதான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே அழைத்துக்கொள்வதே இக்கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம்.

2004 டிசம்பர் 26ஆம் தேதியின் சுனாமியை எழுதுகிறவர் இன்னும் அஞ்சி எழுதவேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை, அத்துடன் பௌர்ணமிப் போயா விடுமுறை தினம், பாடசாலைகள் பூட்டியிருந்தன. இதே கரையின் மருதமுனையிலோ கல்முனைக்குடியிலோ அலையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் உம்மாவின் நெஞ்சில் அந்தக் காலைப் பொழுதில் ஓடியதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதைக் கற்பித்து எழுத எழுத்தாளருக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால், சோகத்தைக் கூட்டுவதற்காக அந்தப் பிள்ளைக்குச் சீருடை மாட்டிப் புத்தகப் பையையும் தோளில் ஏற்றுவாரேயானால், அவர் எழுதுவது அவளுடைய பிள்ளையைப் பற்றியதல்ல. அவள் அதை முதல் வரியிலேயே அறிந்துகொள்வாள்.